கஞ்சா சட்டம் பத்தி பேச வக்கீலும் மருந்தாளுநரும் தேவை

தோழர்களே, வியாசர்பாடி, புளியந்தோப்பு காலேஜ் பசங்களுக்காக எங்க படிப்பகத்துல ஞாயித்துக்கிழமை கூட்டம் வைக்கிறோம். "கனடாவுல 2018லயே சட்டபூர்வம் ஆக்கிட்டாங்க, ஐ.நா.வே மருந்துன்னு சொல்லிடுச்சு, இங்க மட்டும் ஏன் பிடிக்கிறாங்க?" பசங்க கேக்குறது நியாயமான கேள்வி. மிரட்டி வாயடைக்கக் கூடாது.

ஐ.நா. 2020 டிசம்பர்ல கஞ்சாவை 1961 போதைப்பொருள் ஒப்பந்தத்தோட நாலாவது அட்டவணைல (ரொம்ப ஆபத்தான, மருத்துவப் பயன் குறைவுன்னு வச்ச பட்டியல்) இருந்துதான் எடுத்துச்சு; இந்தியாவும் ஆதரவா ஓட்டு போட்டுச்சு. கட்டுப்பாட்டுல வைக்க வேண்டிய பொருள்களோட முதல் அட்டவணைல கஞ்சா இன்னும் இருக்கு.

வக்கீல் பேச வேண்டியது: நம்ம 1985 போதைப்பொருள் சட்டத்துல (NDPS) கஞ்சா ஒரு கிலோ வரை "சிறிய அளவு". இதைக் கேட்டுட்டு கேஸே வராதுன்னு நெனச்சுக்கிறாங்க. பாக்கெட்ல ஒரு பொட்டலம் இருந்தாலும் ஒரு வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபா வரை அபராதம். 20 கிலோ தாண்டினா 10 வருஷத்துக்குக் குறையாது. அடிமையானவர் அரசு அங்கீகரிச்ச இடத்துல தானா சிகிச்சைக்குப் போனா, சிறிய அளவு வழக்குல அதே சட்டத்தோட 64ஏ பிரிவு வழக்கு நடவடிக்கைல இருந்து காப்பாத்தும்; பாதியில விட்டா அந்தப் பாதுகாப்பு போயிடலாம். இது வீட்டுக்கு வீடு தெரியணும்.

மருந்தாளுநர் பேச வேண்டியது: சில அரிய வகை வலிப்புக்கு அமெரிக்கா 2018ல அனுமதிச்ச, கஞ்சாச் செடில இருந்து எடுக்குற கன்னாபிடியால் மருந்து. உடல் எடைல கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், தினம் ரெண்டு வேளைன்னு ஆரம்பிச்சு, ஒரு வாரம் கழிச்சு 5 ஆக்குவாங்க. வால்ப்ரோயேட்ங்கிற இன்னொரு வலிப்பு மருந்து கூட சேந்தா கல்லீரல் என்சைம் ஏறும், அதனால ரத்தப் பரிசோதனை கட்டாயம். பீடியில சுருட்டி இழுக்குறது மருந்தாகாது.

ஆளுக்கு 20 நிமிஷப் பேச்சு, அப்புறம் பசங்க கேள்வி. வரமுடிஞ்சவங்க, தெரிஞ்சவங்களைக் கைகாட்ட முடிஞ்சவங்க கமென்ட்ல சொல்லுங்க.