கோல் இந்தியாவை விற்கலாமா? எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிறு

குழு: தாமிரபரணி வீடு
2025 டிசம்பர் 14, ஞாயிறு

[காலை 7:05] பெரியத்தை: எல்லாரும் எந்திச்சாச்சா? ஒரு விஷயம் கேக்கணும். 2010ல வாங்குன கோல் இந்தியா ஷேர், அரசோட நிலக்கரி கம்பெனி, எங்கிட்ட கிடக்குல்லா, அதை வித்துட்டு கரண்ட் எடுக்கிற காத்தாடி செய்ற கம்பெனி ஷேர் வாங்குங்கனு சின்னவன் ரெண்டு நாளா சொல்லுதான். விக்கட்டுமா வேண்டாமா? மாடில தளம் வேற ஒழுகுது, மார்ச்சுக்குள்ள பாக்கணும்.

[7:11] தம்பி (சென்னை): அத்தை, நான் சொன்னது இதுதான். 2070ல நெட் ஜீரோ, அதாவது நாடு விடுற கார்பனும் உறிஞ்சி எடுக்கிற கார்பனும் சமமாகணும்னு 2021ல கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுலயே இந்தியா அறிவிச்சாச்சு. 2030க்குள்ள கரி, எண்ணெய் இல்லாத மின்சாரம் 500 கிகாவாட் வேணும்ங்கிறது இலக்கு. நாட்டுல நிறுவியிருக்கிற மின்திறன்ல பாதி இப்பவே அப்படித்தான், இந்த ஜூன்ல 50 சதவீதத்தைத் தொட்டாச்சு. நாடு போற திசை தெரிஞ்சப்புறமும் கரியில எதுக்குப் பணத்தைப் போட்டு வைக்கணும்?

[7:20] வள்ளியூர் சித்தப்பா: ஏல, நிறுவுனது வேற, ஓடுறது வேற. ஆடில ஆரல்வாய்மொழி கணவாயில நின்னு பாரு, வேட்டி நிக்காது. இப்ப கார்த்திகைக் கடைசி. நேத்து முப்பந்தல் வழியா வந்தேன், பாதிக் காத்தாடி சும்மா நிக்கி. நாம எரிக்கிற கரண்டுல ஏறக்குறைய பத்துக்கு ஏழு இன்னும் கரியிலதான் வருது.

[7:22] வள்ளியூர் சித்தப்பா: 1986ல முள்ளக்காட்டுல அரசாங்கம் காத்தாலை போட்டப்போ நான் பாக்கப் போயிருக்கேன். அப்ப இருந்து பாக்கேன். காத்து மாறல. சட்டம்தான் மாறிக்கிட்டே இருக்கு.

[7:31] நான்: சித்தப்பா சொன்ன கடைசி வரிதான் அத்தை விஷயமே. காத்தாடியா கரியாங்கிறதை அப்புறம் பேசுவோம். எந்த எனர்ஜி ஷேரா இருந்தாலும் ரெண்டு கேள்வி கேக்கணும். அந்தக் கம்பெனி விக்கிற பொருளுக்கு விலை யாரோட உத்தரவுல நிக்குது? அது வாங்குன கடன் எந்த நாட்டுக் காசுல இருக்கு?

[7:32] பெரியத்தை: புரியுற மாதிரி சொல்லு பிள்ள.

[7:48] நான்: காத்தாடி செஞ்சு விக்கிற சுஸ்லான் கம்பெனியையே எடுத்துக்குவோம், தம்பி பட்டியல்ல முதல்ல இருக்கிறது. 2008 ஜனவரியில அந்த ஷேர் 400 ரூபாய்க்கு மேல. 2020 மார்ச்சுல 2 ரூபாய்க்குக் கீழ. இந்தப் பன்னெண்டு வருஷத்துல காத்து அடிக்கிறது நிக்கல, கரண்ட் தேவையும் குறையல. அப்ப என்ன நடந்தது?

2007ல ஜெர்மனியில ரீபவர்ங்கிற கம்பெனியை வாங்குனாங்க. அந்தச் சமயம் வெளிநாட்டுல டாலர்ல கடன் பத்திரமும் வெளியிட்டாங்க. அந்தப் பத்திரத்துல ஒரு வசதி உண்டு. ஷேர் விலை ஏறுனா கடன் குடுத்தவன் பணத்துக்குப் பதிலா ஷேரா எடுத்துக்குவான். ஏறலைன்னா டாலரைத் திருப்பி எண்ணி வைக்கணும். வெளியிட்டப்போ டாலர் 40 ரூபாய் பக்கம். 2012 அக்டோபர்ல தவணை வந்தப்போ 53. ஷேரோ தரையில கிடந்துச்சு. அதனால எவனும் ஷேர் கேக்கல, டாலரைத்தான் கேட்டான். 20 கோடி டாலருக்கு மேல கட்ட முடியாம நின்னாங்க. 2019ல இன்னொரு தடவையும் அதே மாதிரி.

[7:55] நான்: இது காசு பக்கம். உத்தரவு பக்கம் இன்னும் கொடுமை. முன்னாடி காத்தாடி வாங்குனவங்கள்ல நிறைய பேர் மில்லு முதலாளிங்க. வாங்குன விலையில 80 சதவீதத்தை முதல் வருஷமே தேய்மானம்னு லாபத்துல கழிச்சுக்கலாம், அந்த அளவு லாபத்துக்கு வருமான வரி கிடையாது. கோயம்புத்தூர், திருப்பூர் ஆட்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாடி நட்டது பெரும்பாலும் அதுக்குத்தான். 2012 ஏப்ரல்ல அந்தச் சலுகையை எடுத்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் நாடு முழுக்க 3,200 மெகாவாட் பக்கம் நட்டிருந்தாங்க, அந்த வருஷம் 1,700. பாதி போச்சு. 2014ல திருப்பிக் குடுத்தாங்க, 2017ல அதையும் 40ஆ குறைச்சாங்க. அதே வருஷம், குறைஞ்ச விலை கேக்கிற கம்பெனிகிட்டயே கரண்ட் வாங்குற ஏல முறை வந்து யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்குச்சு.

[7:57] வள்ளியூர் சித்தப்பா: ஆமா. 2012ல இங்க கிரேன் வண்டியெல்லாம் சும்மா நின்னுச்சு. ஒரே வருஷத்துல எத்தனை பையங்களுக்கு வேலை போச்சு தெரியுமா. எல்லாம் டெல்லியில போட்ட ஒரு கையெழுத்து.

[8:03] தம்பி (சென்னை): அக்கா, பழைய கதை சரி. ஆனா அதே ஷேர் 2024 செப்டம்பர்ல 80ஐத் தாண்டுச்சு. கடனெல்லாம் அடைச்சுட்டாங்க. 2 ரூபாய்ல வாங்குனவன் எங்க இருக்கான்?

[8:10] நான்: ஏன் ஏறுச்சுன்னு பாருடா. 2022ல ரைட்ஸ் போட்டாங்க, அதாவது ஏற்கனவே ஷேர் வச்சிருக்கிறவங்களுக்கே புது ஷேர் வித்தாங்க, 2023ல பெரிய முதலீட்டாளருங்ககிட்ட 2,000 கோடி திரட்டுனாங்க, அதுல கடனை அடைச்சாங்க. கடன் பாரம் போனதுதான் பெரிய காரணம். நான் கேக்கிற ரெண்டாவது கேள்விக்கு அதுவே பதில். காத்தாடி கம்பெனி வேண்டாம்னு நான் சொல்லல. விலை ஏறுனதைப் பாத்துட்டு வாங்காத, கடன் அட்டவணையைப் பாத்துட்டு வாங்கு.

[8:12] பெரியத்தை: அப்ப என் கரி கம்பெனிக்கு?

[8:30] நான்: கோல் இந்தியா 2010ல 245க்கு வந்துச்சு, உங்களுக்கு 5 சதவீதம் தள்ளுபடி. 2020ல 150க்குக் கீழ கிடந்துச்சு. கரி கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் எழுதுனாங்க. 2024ல 500ஐத் தாண்டுச்சு. நாட்டுல தோண்டுற கரியில நாலுல மூணு பங்கு இவங்களோடது. வரவு ரூபாய்ல, செலவும் ரூபாய்ல. ரூபாய் விழுந்தா இறக்குமதிக் கரி விலை கூடும், அப்ப இவங்க ஏலத்துல விக்கிற கரிக்கும் நல்ல விலை கிடைக்கும். ஆக ரெண்டாவது கேள்வியில பாஸ்.

முதல் கேள்வியிலதான் சிக்கல். 63 சதவீதம் அரசு கையில. மின் நிலையத்துக்குக் குடுக்கிற கரிக்கு விலையை நினைச்ச மாதிரி ஏத்த முடியாது, கரண்ட் கட்டணம் ஏறிடும். அரசுக்குப் பணம் வேணும்னா ஷேரைச் சந்தையில கொட்டும். 2015ல 10 சதவீதம் வித்தாங்க, 2018ல வித்தாங்க, 2023 ஜூன்ல 225 ரூபாய்க்கு வித்தாங்க. ஒவ்வொரு தடவையும் விலைக்கு ஒரு தடை. அதே அரசுக்கு டிவிடெண்டும், அதான் லாபத்துல பங்கும், வேணும், அதனாலதான் உங்களுக்கும் தவறாம வருது.

[8:34] பெரியத்தை: அது உண்மைதான். மருந்துச் செலவு அதுலதான் ஓடுது.

[8:36] தம்பி (சென்னை): சரி, கரிக்கு வரி ஏத்திட்டாங்களே? செப்டம்பர்ல ஜிஎஸ்டி 5ல இருந்து 18 ஆயிடுச்சு. சோலார், காத்தாடி சாமானுக்கு 12ல இருந்து 5. அரசே சொல்லுது எந்தப் பக்கம்னு.

[8:49] நான்: கணக்குப் போட்டுப் பாரு. 2010ல டன்னுக்கு 50 ரூபாய்னு தூய எரிசக்தி வரி ஆரம்பிச்சாங்க, 2016ல அது 400 ஆச்சு. இந்த செப்டம்பர் 22ல அந்த 400ஐ மொத்தமா எடுத்துட்டுத்தான் ஜிஎஸ்டியை ஏத்துனாங்க.
டன் 1,500 ரூபாய் கரின்னு வை.
முன்னாடி: 5 சதவீதம் 75 + 400 = 475
இப்ப: 18 சதவீதம் = 270
மலிவுக் கரிக்கு வரி குறைஞ்சிருக்கு! விலை 3,100க்கு மேல இருக்கிற உசந்த கரிக்குத்தான் கொஞ்சம் கூடும். நம்ம நாட்டு மின் நிலையத்துல எரியுறது பெரும்பாலும் மலிவு ரகம். தலைப்பை மட்டும் படிச்சா நேர் எதிரா புரிஞ்சுக்குவோம். எனக்கு இதுல கோபமே வருது. தூய எரிசக்திக்குன்னு ஆரம்பிச்ச வரி, ஜிஎஸ்டி வந்தப்புறம் மாநிலங்களுக்கு ஈடு கட்டப் போச்சு, இப்ப இல்லவே இல்ல.

[8:55] சிங்கப்பூர் அண்ணன்: இப்பத்தான் பாத்தேன். இங்க கம்பெனிங்க வெளியிடுற புகைக்குப் போடுற கார்பன் வரி 2019ல டன்னுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2024ல 25, வர்ற ஜனவரியில இருந்து 45. 2030க்குள்ள 50ல இருந்து 80 வரைக்கும் போகும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. கம்பெனி தயாராக நேரம் இருக்கு. வரி கூடுதுங்கிறதை விட, எப்ப எவ்வளவுன்னு தெரியுறதுதான் பணம் போடுறவனுக்கு வேணும்.

[8:57] நான்: 👍 அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு.

[8:58] சிங்கப்பூர் அண்ணன்: என் கேள்வி வேற. ரூபாய் இந்த மாசம் டாலருக்கு 90ஐத் தாண்டிருச்சு. சிங்கப்பூர் வெள்ளி 70 கிட்ட. 2015ல 47தான். இப்ப ஊருக்கு அனுப்பி எண்ணெய் கம்பெனி ஷேர் வாங்கலாமா? எண்ணெய் டாலர்லதானே விலை.

[9:15] நான்: எந்த எண்ணெய் கம்பெனின்னு பாக்கணும் அண்ணே. தோண்டுறவன் வேற, வடிச்சு பங்க்ல விக்கிறவன் வேற. ஓஎன்ஜிசி தோண்டுறது, விலை டாலர் கணக்குல வரும், ரூபாய் விழுந்தா வரவு கூடும். ஆனா 2022 ஜூலை 1ஆம் தேதி திடீர்னு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் லாப வரி போட்டாங்க. அன்னைக்கு ஒரே நாள்ல ஷேர் பத்து சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. 2024 டிசம்பர்லதான் அந்த வரியை எடுத்தாங்க.

ஹெச்பிசிஎல் வாங்கி வடிச்சு விக்கிறது. 2022ல கச்சா எண்ணெய் ஏறுச்சு, ரூபாயும் விழுந்துச்சு, பங்க் விலையை மட்டும் ஏத்தல. அந்த ஏப்ரல்-ஜூன் மூணு மாசத்துல 10,196 கோடி நட்டம். எண்ணெய் விலை ஏறுனா எண்ணெய் கம்பெனிக்குக் கொண்டாட்டம்னு யாராவது சொன்னா இந்த ஒரு எண்ணைச் சொல்லுங்க.

[9:19] நான்: இன்னொன்னு, நீங்க திரும்ப சிங்கப்பூருக்கே எடுத்துட்டுப் போகப் போற பணம்னா ஷேர்ல வர்ற லாபத்துல ரூபாய் சரிவைக் கழிச்சுப் பாக்கணும். பத்து வருஷத்துல 47, 70 ஆயிருக்குன்னா வருஷத்துக்கு ஏறக்குறைய 4 சதவீதம் அங்கயே போயிடுது. ஊர்லயே செலவாகப் போற பணம்னா அந்தக் கவலை இல்ல.

[9:21] சிங்கப்பூர் அண்ணன்: ஊர்லதான் செலவு. பிள்ளைங்க காலேஜ் அங்கதான்.

[9:22] நான்: அப்ப மொத்தமா அனுப்பாதீங்க. மாசா மாசம் அனுப்புங்க, 90 உச்சமா இல்லையான்னு யாரும் ஊகிக்க வேண்டியதில்ல.

[9:40] மதினி: எல்லாரும் விலையையே பேசுறீங்க. எங்கம்மா வீடு ஸ்ரீவைகுண்டம். 2023 டிசம்பர் 17, 18 மறக்க முடியுமா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அம்மா மாடியில நின்னு ரெண்டு நாள் மழைத் தண்ணி பிடிச்சுக் குடிச்சாங்க. பூமியைச் சூடாக்கி இப்படி மழை கொட்ட வைக்கிற கரிப் புகையில நம்ம பங்கும் இருக்குன்னு எனக்குத் தோணுது. எங்க பணம் கரிக்குப் போக வேண்டாம்.

[9:46] பெரியத்தை: அது நியாயம்தான் தாயி. எனக்கும் அது உறுத்துது.

[9:58] நான்: மதினி, மனசுக்கு ஒப்பலைன்னா விக்கிறதுல தப்பே இல்ல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குவோம். அத்தை வித்தா வேற ஒருத்தர் வாங்குவார், சுரங்கத்துல ஒரு கூடை கரிகூடக் குறையாது. 2010ல கட்டுன பணமும் கம்பெனிக்குப் போகல, அரசு தன் பங்கைத்தான் வித்துச்சு, பணம் கஜானாவுக்குப் போச்சு. ஆனா புதுசா ஷேர் வெளியிட்டுப் பணம் திரட்டுற கம்பெனிக்குக் குடுத்தா, அது நேரா நிலையம் கட்டப் போகும். சூரிய மின்சாரமோ காத்தாலையோ கட்டுற கம்பெனி அப்படிக் கேக்குறப்போ குடுத்தா, உங்க பணம் உண்மையிலேயே ஒரு காத்தாடியா நிக்கும். நீங்க நினைக்கிறதுக்கு அதுதான் பொருத்தமான வழி.

[10:01] மதினி: அது தெரியாது எனக்கு. சரி, எங்க பங்கை அப்படிப் போடுவோம். அவசரமில்ல.

[10:04] வள்ளியூர் சித்தப்பா: போடுமுன்ன, அந்தக் கம்பெனிகிட்ட கரண்ட் வாங்குறவன் ஒழுங்கா காசு குடுக்கானான்னு பாருங்க. கரண்டை எடுத்துக்கிட்டு வருஷக்கணக்கா பாக்கி வச்ச காலமெல்லாம் உண்டு. 2022ல மத்திய அரசு தாமதத்துக்கு அபராத விதி கொண்டு வந்தப்புறம்தான் கொஞ்சம் சரியாச்சு.

[10:06] பெரியத்தை: இப்ப நான் என்ன செய்யட்டும், அதைச் சொல்லு பிள்ள.

[10:20] நான்: என் அபிப்பிராயம் அத்தை, முடிவு உங்களோடது. மருந்துச் செலவுக்கு வர்ற டிவிடெண்டை ஒரே நாள்ல நிறுத்த வேண்டாம். தளத்துக்கு வேண்டிய அளவு மட்டும் விப்போம், அதையும் ரெண்டா. மார்ச் 31க்குள்ள பாதி, ஏப்ரல் 1க்கு அப்புறம் பாதி. வருஷத்துக்கு 1.25 லட்சம் வரைக்கும் நீண்டகால லாபத்துக்கு வரி இல்ல, மேல போனா 12.5 சதவீதம். ரெண்டா வித்தா ரெண்டு வருஷச் சலுகையும் கிடைக்கும். கொத்தனாருக்கும் தவணையாதான் குடுப்போம், சரியா இருக்கும். 2018 ஜனவரி 31க்கு முன்னாடி வாங்குன ஷேருங்கிறதால அன்னைக்கு இருந்த விலையையே வாங்குன விலையா எடுத்துக்கிட வழி உண்டு. ஆடிட்டர் ஆபீஸ்ல நானே கணக்குப் போட்டுத் தாரேன்.

[10:23] பெரியத்தை: சரி. அப்படியே செய்வோம். மிச்சத்தை சின்னவன் பட்டியலைப் பாத்துட்டுப் பேசுவோம். அவன் மனசும் நோகக் கூடாது.

[10:25] தம்பி (சென்னை): நோகலை அத்தை. அக்கா, மூணு கம்பெனியோட ஆண்டறிக்கை இறக்கிட்டேன். ஒவ்வொண்ணும் 300 பக்கம் கிட்ட. எங்க பாக்கணும்?

[10:33] நான்: முன்னாடி இருக்கிற கலர்ப் படமெல்லாம் தள்ளிடு. பின்னாடி நிதிநிலை அறிக்கைக்கு அப்புறம் வர்ற குறிப்புகளுக்குப் போ. நிதி இடர்னு ஒரு குறிப்பு இருக்கும், அதுக்குள்ள நாணய இடர். கடன் எத்தனை டாலர், எத்தனை யூரோ, அதுல எவ்வளவுக்கு டாலர், யூரோ விலையை முன்கூட்டியே பேசி முடிச்சு வச்சிருக்காங்க, எவ்வளவு அந்தப் பாதுகாப்பு இல்லாம திறந்து கிடக்குன்னு அட்டவணை போட்டிருப்பாங்க. திறந்து கிடக்கிற தொகையை மூணு கம்பெனிக்கும் எழுது. சித்தப்பா கேட்டதுக்கு, வரவேண்டிய பாக்கி ஆறு மாசம், ஒரு வருஷம், மூணு வருஷம்னு பிரிச்சுப் போட்ட இன்னொரு அட்டவணையும் இருக்கும். அந்த ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து இங்க போடு.