பழைய தியேட்டர் ஸ்கோப் லென்ஸை வீட்டு புரொஜெக்டருக்கு முன்னால் வைக்கலாமா?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். ஊர் கேரளாவில் இருந்தாலும் எங்கள் வீட்டில் பேச்சு தமிழ்தான், அப்பாவுக்கு மட்டும் மலையாளப் படம் வேண்டும். மாடி அறை ஒன்றைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். நீளம் 18 அடி, அகலம் 12. புரொஜெக்டர் 1080பி எல்சிடி, பின்சுவர் அலமாரியில் இருக்கிறது, திரைக்கு 16 அடி தூரம். ஜூம், ஃபோகஸ் எல்லாம் கையால் திருக வேண்டும்.

இப்போது திரை டிவி போல 16:9. ஸ்கோப் படம் (உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலமானது) போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்து படம் ஒட்டிப்போய்த் தெரிகிறது. அதனால் 10 அடி அகலத்தில் ஸ்கோப் திரையே போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இதற்கென்றே வரும், படத்தைப் பக்கவாட்டில் மட்டும் விரிக்கும் அனமார்பிக் லென்ஸின் விலையைப் பார்த்தேன், என் புரொஜெக்டர் விலையைத் தாண்டுகிறது. கோவையில் பழைய சாமான் கடை ஒன்றில், மூடிய தியேட்டரிலிருந்து வந்த ஸ்கோப் லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி முன்னால் நிறுத்தினால் வேலை செய்யுமா?

வாளையார் காத்து

லென்ஸே வேண்டாம் நண்பா. 10 அடித் திரை போட்டு, பட்டைகள் திரைக்கு வெளியே விழுகிற வரை ஜூமைத் திறந்துவிடுங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன். மிச்சக் காசுக்கு நல்ல சப்வூஃபர் வாங்குங்கள்.

பழைய ஆப்பரேட்டர் (பொள்ளாச்சி)

தம்பி, அந்த லென்ஸை வாங்காதீங்க. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைக்காரர் பேச்சில் மறுபடியும் மயங்கிவிடுவீர்கள்.

தியேட்டர் ஸ்கோப் லென்ஸ் படத்தைப் பக்கவாட்டில் இரண்டு மடங்கு விரிக்கும். 35 எம்எம் பிலிமில் ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாகப் பதிந்திருப்பார்கள், இந்த லென்ஸ் போட்டால்தான் சரியான உடம்புக்கு வருவார்கள். அமெரிக்காவில் ஃபாக்ஸ் கம்பெனி 1953ல் கொண்டுவந்த முறை இது. தமிழில் முதல் ஸ்கோப் படம் 1973லும் மலையாளத்தில் 1978லும் வந்தன. அதற்கப்புறம் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொட்டகைகள் இந்த லென்ஸை வாங்கிப் போட்டன. டிஜிட்டல் வந்ததும் எல்லாம் எடைக்குப் போனது.

உங்கள் புரொஜெக்டரின் படம் 1.78க்கு 1, அதாவது அதே 16:9. அதை இரண்டு மடங்கு விரித்தால் 3.56 ஆகிவிடும், ரயில் பெட்டி மாதிரி. 2.39ல் நிறுத்த வேண்டுமென்றால் பேனலின் (உள்ளே படத்தை உருவாக்கும் தகடு) அகலத்தில் உள்ள 1920 புள்ளிகளில் நடுவில் 1290 மட்டும் உபயோகப்படும், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வீண். ஜூம் முறையில்கூட கால் பங்குதான் வீணாகிறது. அப்படி ஒடுக்கித் தர வீட்டு புரொஜெக்டர் மெனுவில் வழியும் இருக்காது. அந்தத் தியேட்டர் லென்ஸின் பின்வாயும் சின்னது, படத்தின் மூலைகளை வெட்டும்.

வீட்டுக்கு வருவது 1.33 மடங்கு லென்ஸ். 1080பியில் ஸ்கோப் படம் சுமார் 800 வரிகளில்தான் இருக்கும், மீதி 280 வரி கறுப்பு. புரொஜெக்டரை ‘அனமார்பிக்’ மோடில் போட்டால் அந்த 800ஐ 1080க்கு நீட்டும், எல்லோரும் நெட்டையாகிவிடுவார்கள். லென்ஸ் அதே அளவு பக்கவாட்டில் விரித்துச் சரிசெய்யும். பேனல் முழுக்க வேலை செய்யும். ஆக, முதலில் உங்கள் மெனுவில் அந்த மோடு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தனி வீடியோ பிராசஸர் வேண்டும், பேச்சு அத்தோடு முடிந்தது.

இனி கணக்கு. சினிமா மோடில் புரொஜெக்டரிலிருந்து 1000 லூமன் வெளிச்சம் வருகிறது என்று வைப்போம். ஜூம் முறையில் அது 10 அடி அகல 16:9 பரப்பில், அதாவது 56 சதுர அடியில் பரவும். சாதாரண வெள்ளைத் திரையில் சுமார் 18 ஃபுட் லாம்பர்ட் (திரையில் தெரியும் வெளிச்சத்தின் அளவு). லென்ஸ் போட்டால் 42 சதுர அடி, 24 வரை வரலாம். ஆனால் கண்ணாடி கொஞ்சம் தின்னும். அதோடு படத்தைச் சிறிதாக்க ஜூமை மூடும்போது புரொஜெக்டர் லென்ஸே வெளிச்சத்தைக் குறைக்கும். இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். டிஜிட்டல் தியேட்டருக்கான அளவே 14தான். உங்களுக்கு ஜூமிலேயே 18 வருகிறது. லாம்ப் பழசாகிப் பாதிக்கு இறங்கினால் புது லாம்ப் போடுங்கள், லென்ஸை விட மலிவு.

12, 14 அடித் திரை போடுகிறவர், வெளிச்சம் கம்மியான புரொஜெக்டர் வைத்திருக்கிறவர், அவர்களுக்கு இந்த 1.33 லென்ஸ் நியாயம். தூரம் உங்களுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. லென்ஸுக்கு முந்தைய அகலம் 7.5 அடி, 16ஐ அதால் வகுத்தால் 2.1. அந்த எண் 2க்கு மேல் இருந்தால் படத்தின் ஓரம் உள்வாங்கி வளைவது குறைவாக இருக்கும். கிட்டே வைத்தால் வளைவு கண்ணில் குத்தும், அப்புறம் வளைந்த திரை தேட வேண்டும்.

தென்னந்தோப்பு

அண்ணா, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. மெனுவில் அந்த மோடு இருக்கிறது. பின்னால் ஒருநாள் 1.33 லென்ஸ் வாங்கினால் கிரிக்கெட், சீரியல் பார்க்க ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டுமா? கொரியன் படங்களின் சப்டைட்டில் என்ன ஆகும்?

மலைச்சாரல் (குமுளி)

என்னிடம் 1.33 லென்ஸ் இருக்கிறது, நான் சொல்கிறேன். கழற்றாமலும் பார்க்கலாம், புரொஜெக்டர் 16:9 படத்தை 1440 புள்ளிக்குள் ஒடுக்கிக் காட்டும். கிரிக்கெட்டுக்கு அது போதும். கூர்மை வேண்டுமென்றால் தண்டவாளம் போட்டு லென்ஸைப் பக்கத்தில் தள்ளிவிடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

சப்டைட்டில்தான் தொல்லை. ஓடிடியில் பல படங்களுக்கு எழுத்து கீழ்ப் பட்டைக்குள் விழுகிறது. நீட்டினால் பட்டையோடு சேர்த்து எழுத்தும் போய்விடும். இரண்டு வரி வந்தால் மேல் வரி மட்டும் தெரியும், கதை பாதிதான் புரியும். டிஸ்க், ஹார்டு டிஸ்க்கில் பார்ப்பவர் பிளேயரில் எழுத்தை மேலே ஏற்றிக்கொள்ளலாம். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் பெரும்பாலும் முடியாது. ஜூம் முறையிலும் எழுத்து திரைக்கு வெளியே சுவரில்தான் விழும், வாளையார்க்காரர் அதைச் சொல்லவில்லை!

இன்னொன்று, ஜூன் மாத மழை தொடங்கினால் எங்கள் பக்கம் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். உபயோகிக்காத நாட்களில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். துணிப்பையில் வைத்தால் ஈரத்தை நீங்களே ஊட்டி வளர்ப்பதுதான்.

வாளையார் காத்து

சுவரில் விழுந்தாலும் படிக்க முடிகிறதே சார் :) வெள்ளைச் சுவர் வாழ்க.

பழைய ஆப்பரேட்டர்

வெள்ளைச் சுவரில் பட்டையின் சாம்பல் வெளிச்சமும் தெரியும், இருட்டுக் காட்சியில் மானத்தை வாங்கும். தம்பி, இப்போதைக்கு ஜூமில் 10 அடி போட்டுப் பாருங்கள். கையால் திருக வேண்டும் என்பதால் ஸ்கோப்புக்கும் 16:9க்கும் வளையத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சப்டைட்டில் படத்துக்கு 16:9 கோட்டிலேயே விடுங்கள், படம் சின்னதாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை. திரைக்கு மேலும் கீழும் கறுப்பு வெல்வெட் துணி கட்டுங்கள். சாட்டின் எடுத்துவிடாதீங்க, அது பளபளக்கும்.

கோவை லென்ஸை விட மனசில்லை என்றால், ஷார்ட் ஃபிலிம் எடுக்கும் பசங்களிடம் சொல்லிவிடுங்கள். கேமராவுக்கு முன்னால் மாட்டிப் படமெடுக்க இந்தப் பழைய ஸ்கோப் லென்ஸ்களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை உள்ளே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போலத் தெரியும்.