எடை குறைக்கும் பொடி: டப்பாவில் உள்ள உரிம எண்ணை நம்பலாமா?

கேள்வி:
சித்தி 3,600 ரூபாய்க்கு ஒரு பொடி வாங்கியிருக்கிறார். '15 நாளில் 8 கிலோ, முழுக்க மூலிகை' என்று போட்டிருக்கிறது. பின்னால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உண்டு. ஆனால் சேர்மானம் என்ற இடத்தில் 'மூலிகைக் கலவை' என்று மட்டும்தான். நாலு நாளாகத் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். எண் இருந்தால் நம்பலாமா?

பதில் 1:
முதலில் பொடியை நிறுத்தச் சொல்லுங்கள். டப்பாவோடு இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், படபடப்பு என்றாலே எனக்குப் பயம். சிபுட்ரமின் என்ற மருந்து பசியை அடக்கும். கூடவே ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். 2010இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கினார்கள், 2011இல் இந்தியாவில் தடை வந்தது. அப்புறமும் 'மூலிகை' என்று விற்ற பொருட்களில் அதை ஒளித்துக் கலந்திருந்ததை அமெரிக்க அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்தார்கள். உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்பது சோதித்தால்தான் தெரியும்.

பதில் 2:
அந்த 14 இலக்க எண், தொழில் நடத்த உரிமம் இருப்பதைத்தான் காட்டும். 8 கிலோ குறையும் என்பதற்கு அது சான்று இல்லை. பில் இருக்கிறதா? நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள்.

கேட்டவர்:
பில் தரவில்லை, ஜிபே ரசீது இருக்கிறது. சித்தி டப்பாவைக் குப்பையில் போடப் போனார், வாங்கி வைத்துவிட்டேன். இதோ மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம்.