நிலாவெளிக் கரை யாருக்கு? சுற்றுலா நம் ஊரை என்ன செய்கிறது?

கரைவலை:
திருகோணமலையைப் பெரிய சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்று ஊரில் எந்தக் கூட்டத்திலும் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கிழக்கில் கடல் அடங்கியிருப்பது ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரை. கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்கும் அதுதான் காலம், சுற்றுலாவுக்கும் அதுதான் காலம். இரண்டுக்கும் வேண்டியது ஒரே மணல்.

வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கயிற்றையும் இரண்டு அணி பிடித்துப் பின்னோக்கி நடக்கும். மீன் சேர்கிற பையான மடி கிட்டே வர வர இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வரும். அதற்கு நீளமான வெறுங்கரை வேண்டும். நடுவில் சாய்கதிரையும் குடையும் போட்டால் மடி எங்கே ஏறும்? இது இன்னார் வலை வளைக்கிற இடம், இன்னாருடைய பாடு என்று ஊரே அறிந்திருந்த கரைக்கு இன்று ஹோட்டல் முன்புறம் என்று பெயர். மீனவர் கொட்டில்களான வாடிகள் பின்னுக்குப் போகின்றன. கருவாடு காயப்போட்டால் நாறுகிறது என்று முறைப்பாடு வருகிறது.

நிலாவெளிக்காரன்:
அண்ணா, நான் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன், அதனால் மறுத்துப் பேசத்தான் வேண்டும். கரை பறிபோனது ஹோட்டலால் மட்டுமா? போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே எத்தனை கட்டுப்பாடு! 2004 சுனாமி வள்ளத்தையும் வாடியையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனது. நிலாவெளியில் 70களிலேயே ஹோட்டல் இருந்தது, சுற்றுலா ஒன்றும் நேற்று வந்ததல்ல. கரைக்கு எதிரே இருக்கிற புறாத்தீவுக்குச் சுற்றுலா வருகிற ஆட்களை ஏற்றும் படகுக்காரரில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். வலையில் ஒரு நாள் மீன் படும், அப்புறம் நாலு நாள் வெறும் மடி. வீட்டில் இரண்டு அறையைக் கட்டி வாடகைக்கு விட்டு மகளைப் படிக்க வைத்தவனிடம் போய்ப் பண்பாடு கெடுகிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

கரைவலை:
தம்பி, அந்த வருமானம் வருவதும் நிற்பதும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. 2018இல் நாட்டுக்கு 23 லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா. 2021இல் 2 லட்சம் பேர்கூட வரவில்லை. வலையை விற்றுப் படகு வாங்கியவன் அப்போது எதை இழுப்பான்?

நிலாவெளிக்காரன்:
2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் மீன்பிடி வள்ளங்களும்தானே கரையில் கிடந்தன? ஒரே தொழிலை நம்பியிருந்தால் எந்தத் தொழிலும் கைவிடும்.

கரைவலை:
கரைவலையைத் துடுப்புத் தோணியில் கொண்டுபோய் வளைத்துவிட்டு வரலாம். அந்தத் தொழில் நம்மிடம் மிஞ்சியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கோணேசபுரி மாணவன்:
சமூகவியல் படிக்கிறேன், அதனால் இரண்டு விஷயம். டொக்ஸி என்ற ஆய்வாளர் 1975இல், சுற்றுலா வளர வளர ஊர்மக்களின் மனம் மகிழ்ச்சி, அலட்சியம், எரிச்சல், பகை என்று நாலு படியாக மாறும் என்றார். பாடத்தில் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஊரை ஒரே ஆளாகப் பார்க்கிறது. இந்த விவாதத்திலேயே ஒருவர் முதல் படியில் நிற்கிறார், இன்னொருவர் மூன்றாம் படி தாண்டிவிட்டார்.

மற்றது, பண்பாடு என்றதும் எல்லோரும் வெள்ளைக்காரரின் உடுப்பைப் பற்றியே பேசுகிறோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்ப் பாருங்கள். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று நம்பி, செத்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய நம் சனம் போகிற இடம் அது. ஒரு குடும்பம் மொட்டையடித்த பிள்ளையோடு ஈரத்துணியில் நிற்கும். இந்தப் பக்கம் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிச் சிரித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். ஏழு கிணறும் ஒரே சின்னச் சுற்றுக்குள் இருப்பதால் அழுகிறவருக்கு ஒதுங்க மூலை கிடையாது. மெக்கானெல் என்ற ஆய்வாளர் 1973இல் சுற்றுலாவில், வருகிறவருக்குக் காட்டுகிற முன்மேடை, ஊரார் தமக்கென்று வைத்துக்கொள்கிற பின்மேடை என்று பிரித்து எழுதினார். கன்னியாவில் நமக்குப் பின்மேடையே இல்லை. அப்படி வருகிறவர்களில் அநேகம் பேர் உள்நாட்டுக்காரர். அவர்களைப் பற்றி யாரும் கூட்டம் போடுவதில்லை.

நிலாவெளிக்காரன்:
கன்னியாவில் கிரியைக்கென்று காலை நேரத்தை ஒதுக்கலாம், அதற்கு நானும் கையெழுத்து வைப்பேன். அதைக் காட்டி எங்கள் தொழிலைத் திட்ட வேண்டாம்.

சாம்பல்தீவு அக்கா:
ஆண்கள் பேசி முடித்துவிட்டீர்களா? நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். இருட்டிய பிறகு வேலை முடிந்து ஆட்டோவில் வந்து இறங்கினால் சந்தியில் நிற்கிறவர்களின் பார்வை எனக்குத் தெரியும். ஹோட்டல் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை தருவான் என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறார்கள். அதே ஆட்கள் என் அக்கா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபோது வாயைத் திறக்கவில்லை, அவள் அனுப்பிய காசில் கலியாண வீட்டுச் சாப்பாடும் சாப்பிட்டார்கள். அங்கே அவள் முதலாளி வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தாள். நான் இரவு என் பிள்ளையோடு படுக்கிறேன்.

கரைவலை அண்ணா, ஒன்று கேட்கிறேன். கருவாடு காயப்போட்டு, கிளறி, விற்றதும் பெண்கள்தான். வாடி போனதால் அவர்களுக்கு என்ன வேலை மிஞ்சியது என்று நீங்கள் எழுதவில்லை. நிலாவெளித் தம்பி, உங்களிடமும் ஒரு கேள்வி. உங்கள் இடத்தில் கூட்டிப் பெருக்கவும் துணி தோய்க்கவும் பெண்கள் இருப்பார்கள். வரவேற்பு மேசையில் ஒருத்தியாவது இருக்கிறாளா? சீசன் முடிந்த நவம்பரில் அவர்களுக்குச் சம்பளம் உண்டா?

நிலாவெளிக்காரன்:
அக்கா, மாரியில் அறை எல்லாம் பூட்டித்தான் கிடக்கும். அரைச் சம்பளம் கொடுக்கச் சின்ன இடங்களால் முடியாது, பெரிய ஹோட்டல்களால் முடியும்.

சாம்பல்தீவு அக்கா:
சீசன் காசில் மாரிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கலாம். சீட்டுப் பிடிக்கிற பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

கரைவலை:
தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. கருவாட்டு வேலை போன வீடுகளைத்தான் முதலில் எண்ண வேண்டும். தம்பி, உங்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த ஏப்ரலுக்கு முன் எந்தப் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரை வைத்துக் கரையில் கல் நடுவோம். வலை வளைக்கிற நாளில் அந்த எல்லைக்குள் கதிரை கிடக்கக் கூடாது. உங்கள் பக்கத்து ஆட்களை நீங்கள் கூட்டி வருவீர்களா?

நிலாவெளிக்காரன்:
வருவேன். கல் நடுவதற்கு எதிர்ப்பில்லை. ஆனால் வாடி என் வேலிக்கு ஒட்டி வருவதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன், அதை அங்கே வந்து பேசுகிறேன்.