சீட்டை ஏத்தினதும் போன முட்டி வலி… உங்க அனுபவத்தையும் எழுதுங்க

ரெண்டு மாசமா எனக்கு முட்டியோட முன்பக்கம், சரியா சில்லுக்குக் கீழ, ஒரு வலி இருந்துச்சு. சைக்கிள் ஓட்டுறப்போ பெருசா தெரியாது, வீட்டுக்கு வந்து படி ஏறினா சுருக்குன்னு இழுக்கும். ஒரு வாரம் ஓட்டாம இருந்தா சரியாகிடும், திரும்ப ஓட்டினா மூணாவது நாளே வந்துடும். வயசாகுதுன்னு நெனச்சு சைக்கிளையே விட்டுடலாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

அப்போதான் ஒருநாள் எனக்குப் பின்னாடியே ரொம்ப தூரம் வந்த ஒரு பெரியவர், நான் தண்ணி குடிக்க நின்னப்போ அவரும் நின்னு, "தம்பி, சீட்டு ஏன் இவ்ளோ கீழ இருக்கு, முட்டி வயித்துல இடிக்கிற மாதிரி மிதிக்கிறீங்களே"ன்னு கேட்டார். நிக்கும்போது ரெண்டு காலும் தரையில ஊனணும்ல ஐயான்னு சொன்னேன். அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே மனசுல நின்னுடுச்சு: "சீட்டுக்கு அளவு தரை இல்ல தம்பி, பெடல். நிக்கணும்னா சீட்டுல இருந்து முன்னாடி இறங்கி நில்லுங்க, உக்காந்துட்டே ஏன் கால ஊனணும்?"

அங்கயே என்னை ஒரு சுவத்த பிடிச்சுட்டு சீட்டுல உக்காரச் சொன்னார். ஒரு பெடலை அடியில கொண்டு வந்து குதிகால அதுமேல வைக்கச் சொன்னார். அப்படி வைக்கும்போது கால் நேரா நீளணும், ஆனா எட்டுறதுக்காக இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அப்புறம் ஓட்டும்போது வைக்கிற மாதிரி முன்பாதத்தை வெச்சா முட்டி தானாவே லேசா மடங்கி இருக்கும், அதுதான் வேணும். எனக்குக் குதிகால் வெச்சப்பவே முட்டி நல்லா மடங்கி இருந்துச்சு, கிட்டத்தட்ட 4 செ.மீ. கம்மி.

மொத்தமா ஒரே நாள்ல ஏத்த வேணாம், தசை பழகணும்னு சொன்னதால முதல்ல 1 செ.மீ., நாலஞ்சு தடவ ஓட்டிட்டு இன்னொரு 1 செ.மீ., கடைசியில 5 மி.மீ. 5 மி.மீ.ன்னு போனேன், முழுசா ஏத்தி முடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சீட்டு கீழ இருந்தா முட்டி ரொம்ப மடங்கின நிலையிலயே பாரத்தைத் தள்ள வேண்டி வரும், அப்போ சில்லு தொடை எலும்போட போய் அழுந்தும், அதான் முன்பக்க வலிக்குக் காரணம்னு பின்னாடிதான் புரிஞ்சுது. இப்போ வலி சுத்தமா இல்ல. அந்தப் பெரியவர் பேர் கூட கேட்டுக்கல, அது ஒண்ணுதான் மனசுக்குக் குறையா இருக்கு.

*

அண்ணா, எனக்கு நேர் எதிர் கதை. உயரமா வெச்சாதான் வேகம் வரும்னு யாரோ சொன்னத நம்பி நல்லா ஏத்திட்டேன். முதல் வாரம் சூப்பரா இருந்துச்சு. அப்புறம் முட்டிக்குப் பின்னாடி ஒரு இழுப்பு, கூடவே உக்கார்ற இடத்துல உரசிப் புண்ணு, இடுப்புல ஒரு பக்கம் மட்டும் வலி. சீட்டுதான் சரியில்லன்னு சீட்டையே மாத்தினேன், அதுலயும் அதே புண்ணு.

தங்கச்சிய பின்னாடியே ஓட்டிட்டு வந்து போன்ல வீடியோ எடுக்கச் சொன்னேன். பாத்தா ஒவ்வொரு மிதிக்கும் என் இடுப்பு தராசுத் தட்டு மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுது, கால் எட்டாம நுனி விரலால மிதிச்சுட்டு இருக்கேன். ஓட்டுறப்போ இது எனக்குத் துளிகூட தெரியவே இல்ல. 8 மி.மீ. இறக்கினேன், இடுப்பு ஆட்டம் நின்னுது, ரெண்டு வாரத்துல புண்ணும் ஆறிடுச்சு. முன்பக்கம் வலிச்சா பெரும்பாலும் சீட்டு கீழ இருக்கு, பின்பக்கம் வலிச்சா மேல இருக்கு, இத மட்டும் நான் இப்போ எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். வலி ரொம்ப நாள் இருந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

*

கணக்கு பிடிச்சவங்களுக்கு என் பங்கு. வெறுங்கால்ல சுவத்தோட ஒட்டி நின்னு, ஒரு தடிமனான புக்கை கால்களுக்கு நடுவுல சீட்டு அழுத்துற மாதிரி மேல அழுத்திப் பிடிச்சு, தரையில இருந்து புக்கோட மேல் விளிம்பு வரைக்கும் அளக்கணும், அதான் உள்கால் அளவு. அத 0.883ஆல பெருக்கினா கிராங்க் (பெடல் மாட்டியிருக்கிற தண்டு) சுத்துற அச்சோட நடுவுல இருந்து சீட்டு மேல்பக்கம் வரைக்கும் வேண்டிய உயரம். மூணு தடவ டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்தின கணக்கு இது. இன்னொண்ணு 1967ல வந்த ஹாம்லி, தாமஸ் ரெண்டு பேரோட ஆய்வுல இருந்து வந்தது, உள்கால் அளவுல 109 சதவீதம், ஆனா இது பெடல் அடியில இருக்கும்போது பெடல்ல இருந்து அளக்கிறது.

எனக்கு 82 செ.மீ. முதல் கணக்குல 72.4 வந்துச்சு. ரெண்டாவதுல 89.4, அதுல கிராங்க் நீளம் 17 செ.மீ.யைக் கழிச்சா அதே 72.4. ரெண்டும் ஒண்ணா வந்ததும் இதுதான் சத்தியம்னு நெனச்சு என் மனைவிக்கும் போட்டுப் பாத்தேன். அவங்களுக்கு 70 செ.மீ. ஒரு கணக்கு 61.8ங்குது, இன்னொண்ணு 59.3ங்குது. ரெண்டரை செ.மீ. வித்தியாசம், சீட்டு உயரத்துல அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்! அவங்க 61.8ல உக்காந்ததும் கால் எட்டலன்னு சொன்னாங்க, கடைசியில 60.5 பக்கத்துல வந்து நின்னுது. அதனால ஃபார்முலாவ ஆரம்பப் புள்ளியா மட்டும் எடுத்துக்கோங்க. பெடல் அடியில இருக்கும்போது முட்டி 25ல இருந்து 35 டிகிரி வரைக்கும் மடங்கி இருக்கான்னு பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்துப் பாத்தா, அது நம்ம காலையே வெச்சு சொல்ற பதில்.

*

யாரும் சொல்லாத ஒண்ணு, சீட்டு தானா இறங்குறது. எல்லாம் சரியா செட் பண்ணி ஆறு மாசம் நிம்மதியா ஓட்டினேன், திடீர்னு பழைய முட்டி வலி. ஷூவ மாத்தினேன், ஓட்டுற தூரத்தக் கொறச்சேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல. கடைசியில டேப் வெச்சு அளந்தா சீட் போஸ்ட் (சீட்டத் தாங்குற குழாய்) 12 மி.மீ. உள்ள இறங்கியிருக்கு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கினதால உடம்புக்குத் தெரியவே இல்ல. கழட்டி, உள்ள இருந்த அழுக்கத் தொடச்சு, லேசா கிரீஸ் போட்டு, போஸ்ட்டப் பிடிக்கிற கிளாம்ப்ப சரியா இறுக்கினேன். கார்பன் போஸ்ட்டுன்னா கிரீஸ் போடாதீங்க, அதுக்குன்னு தனி பேஸ்ட் இருக்கு, இறுக்குறதும் எழுதியிருக்கிற அளவுக்கு மேல போகக்கூடாது.

இப்போ போஸ்ட்ட சுத்தி கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வெச்சிருக்கேன், இறங்கினா உடனே கண்ணுல படும். அப்புறம், போஸ்ட்டுல ஒரு கோடு போட்டிருப்பாங்க, அதுக்கு மேல வெளிய இழுக்கவே கூடாது. அந்தக் கோடு வெளிய தெரியுதுன்னா உங்களுக்கு நீளமான போஸ்ட் வேணும், இல்ல பெரிய ஃபிரேம் வேணும்னு அர்த்தம். தயவு செஞ்சு இதுல ரிஸ்க் எடுக்காதீங்க, ஃபிரேமே விரிசல் விட்டுடும்.

*

சீட்டு தானா இறங்குறத பத்தி மேல அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். கூட ஒண்ணு, நான் 170 மி.மீ. நீள கிராங்க்ல இருந்து 175க்கு மாறினப்போ சீட்ட அப்படியே விட்டுட்டேன், பெடல் 5 மி.மீ. கீழ போயிடுச்சு, அந்த அளவுக்கு சீட்ட இறக்கியிருக்கணும். சீட்ட பின்னாடி தள்ளினாலும் உயரம் கூடின மாதிரிதான்.

*

எங்க அம்மா 52 வயசுல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு மட்டும் நான் சீட்ட நல்லா கீழ இறக்கி, ரெண்டு பாதமும் முழுசா ஊனுற மாதிரிதான் வெச்சேன், ஏன்னா கத்துக்கிறப்போ பயம் போறதுதான் முதல் வேலை. பேலன்ஸ் வந்ததுக்கு அப்புறம் முன்னாடி இறங்கி நிக்கிறத மட்டும் தனியா பத்து நாள் பழக்கினேன், பிரேக் பிடி, ஒரு பெடல் அடியில இருக்கட்டும், அதுல எழுந்து நில்லு, இன்னொரு கால தரையில வை. அது கைவந்ததும் அவங்களே ஒருநாள் "இன்னும் கொஞ்சம் ஏத்துடா, கால் மடங்கியே இருக்கு"ன்னு சொன்னாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

*

பதிவு போட்டவன் திரும்ப வந்திருக்கேன். எல்லாத்தையும் படிச்சுட்டு இன்னைக்குக் காலையில போஸ்ட்ட அளந்தேன், எனக்கும் 4 மி.மீ. இறங்கித்தான் இருக்கு. ஏத்தி, டேப் ஒட்டியாச்சு. அம்மா கதை எழுதினவங்களே, இப்போ அவங்க எவ்ளோ தூரம் ஓட்டுறாங்க?