மெயில் திறக்கிறது, ஆனால் "இது நீங்கள்தானா என்று உறுதியாகவில்லை" என்கிறார்கள் – அவசர உதவி

மொழிபெயர்ப்பு_கோவை | செவ்வாய், இரவு 9.10

வணக்கம். வெளிநாட்டு வக்கீல் அலுவலகம் ஒன்றுக்கு ஆவணங்கள் மொழிபெயர்த்து அனுப்புகிறேன். மெயிலை வேறு யாரும் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் செய்து, டிஜிட்டல் கையொப்பமும் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. நேற்று அனுப்பியதற்கு, "மெயில் திறக்கிறது, கையொப்பம் உங்களுடையதுதானா என்று உறுதியாகவில்லை, இப்படியே ஏற்க முடியாது" என்று பதில் வந்திருக்கிறது. என் பக்கம் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது. வியாழக்கிழமைக்குள் ஒரு வாக்குமூலம் போய்ச் சேர வேண்டும். எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கருப்பட்டி_காபி | இரவு 9.24

எந்த மென்பொருள்? விண்டோஸா, மேக்கா, போனா? மெயிலைப் பூட்டிக் கையொப்பமிடும் முறை எது, நாமே சாவி உருவாக்கும் பிஜிபியா, சான்றிதழ் நிறுவனத்தை நம்பும் எஸ்மைமா? அவர்கள் திரையில் சரியாக என்ன வாசகம் வருகிறது? இது எதுவும் தெரியாமல் செட்டிங் சொல்ல முடியாது.

சர்வர்_சாமி | இரவு 9.31

இது டிகேஐஎம் பிரச்சினை. உங்கள் டொமைனுக்கு (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) போலி மெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகள் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்தில் எட்டு பேருக்கு இதுதான். மெயிலின் முழு ஹெடரையும் (அனுப்புநர், பெறுநர், வந்த வழி விவரங்கள்) இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

திண்ணை | இரவு 9.40

முழு ஹெடரை இங்கே ஒட்டாதீர்கள். அதில் வக்கீல் அலுவலகத்தின் முகவரி இருக்கும். யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதும் காக்க வேண்டிய விஷயம்தான், பிஜிபி அதை மறைக்காது.

சாமி, டிகேஐஎம் கையொப்பத்தைப் போடுவது அனுப்பும் சர்வர். இந்த டொமைனிலிருந்து வந்தது, வழியில் மாறவில்லை என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த டொமைனுக்குள் யார் உட்கார்ந்து எழுதினார் என்று அது சொல்லாது. பாஸ்வேர்டைத் திருடி உள்ளே வந்தவர் அனுப்பினாலும் டிகேஐஎம் பாஸ் ஆகும். இங்கே கேட்பது அந்த ஆள் யார் என்பதை.

பழைய_டெர்மினல் | இரவு 9.58

இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்து, ஒவ்வொரு முறையும் நான் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். தம்பி, அடிப்படை தெரியாமல் என்க்ரிப்ஷன் பொத்தானை அழுத்துவது ஆபத்து. பிஜிபியில் மற்றவர்கள் உங்கள் பொதுச்சாவியால் பூட்டுவார்கள், உங்கள் ரகசியச்சாவிதான் திறக்கும், கையொப்பமும் போடும். ஒருமுறை ரகசியச்சாவி கசிந்தால், அந்தச் சாவிக்கு இதுவரை வந்த எல்லா மெயிலும் திறந்துவிடும். சிக்னல் செயலியில் அப்படி இல்லை, சாவி மாறிக்கொண்டே இருக்கும். 2018-இல் பூட்டிய மெயிலின் உள்ளடக்கத்தைக் கசியவைக்கும் ஈஃபெயில் ஓட்டை வெளிவந்தபோதே மெயில் என்க்ரிப்ஷனை மூட்டை கட்டியிருக்க வேண்டும். அந்த வக்கீலை சிக்னலுக்கு வரச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பு_கோவை | இரவு 10.15

முதலில், நான் தம்பி இல்லை. அலுவலகத்தின் விதியை மாற்றுவது என் கையிலும் இல்லை.

தண்டர்பேர்டு, விண்டோஸ் 11. பிஜிபிதான். அவர்களும் தண்டர்பேர்டுதான். முத்திரை மாதிரி ஒரு படத்தின் மேல் கேள்விக்குறி இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார்கள். இன்னொன்று, இன்று அவர்கள் அனுப்பிய இரண்டு மெயில்கள் எனக்குத் திறக்கவில்லை, ரகசியச்சாவி இல்லை என்று வருகிறது. அது வேறு பிரச்சினை, அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். முதலில் கையொப்பம்.

நுண்ணலை | இரவு 10.22

ஆன்டிவைரஸோ அலுவலக சர்வரோ மெயிலின் அடியில் "இது ரகசிய மெயில்" என்று ஒரு வரியைச் சேர்த்தால் கையொப்பம் உடைந்துவிடும். எங்கள் கம்பெனியில் அப்படித்தான் நடந்தது. அதைப் பாருங்கள்.

திண்ணை | இரவு 10.41

அது வேறு பிரச்சினை இல்லை, அதுதான் பிரச்சினையே.

நுண்ணலை சொல்வது உண்மையில் நடப்பதுதான். ஆனால் அப்போது கேள்விக்குறி வராது, கையொப்பம் செல்லாது என்று பெருக்கல் குறி வரும். கேள்விக்குறி என்றால் அர்த்தம் வேறு: கையொப்பம் இருக்கிறது, ஆனால் அதைப் போட்ட சாவி பெறுபவரிடம் இல்லை, அல்லது இருந்தும் அவர் அதை இன்னும் ஏற்கவில்லை. மெயில் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் யார் என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகம்.

இதோடு, அவர்கள் உங்களுக்குப் பூட்டி அனுப்பிய மெயிலைத் திறக்கும் ரகசியச்சாவி உங்களிடம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களிடம் இருக்கும் உங்கள் சாவியும் நீங்கள் இப்போது பயன்படுத்தும் சாவியும் ஒன்றல்ல. சமீபத்தில் லேப்டாப் மாற்றினீர்களா?

மொழிபெயர்ப்பு_கோவை | இரவு 10.50

ஆமாம், போன வாரம். பழையதில் ஸ்கிரீன் போய்விட்டது. புதியதில் தண்டர்பேர்டு போட்டு அதே மெயிலில் லாகின் செய்தேன். சாவி இல்லை என்றது, அதனால் உருவாக்கிக்கொண்டேன். அதே மெயில் முகவரி, அதே பாஸ்வேர்டு. அப்படியென்றால் அதே சாவிதானே?

கருப்பட்டி_காபி | இரவு 11.02

இல்லை அக்கா. ஜிமெயில் மாதிரி லாகின் செய்தவுடன் சாவி கூடவே வந்துவிடாது. ரகசியச்சாவி உங்கள் பழைய லேப்டாப்பின் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது, மெயில் கம்பெனியிடம் கிடையாது. அந்தக் கம்பெனியால் உங்கள் மெயிலைப் படிக்க முடியாமல் இருப்பதே அதனால்தான். புதிதாக உருவாக்கினால் அதே பெயர், அதே முகவரி இருக்கும், சாவியின் அடையாளக் குறியீடான ஃபிங்கர்பிரிண்ட் வேறாகிவிடும்.

வக்கீல்_மதுரை | புதன், காலை 7.35

எனக்குப் புரியாத ஒன்று. நாங்கள் இ-ஃபைலிங்குக்கு டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி கருவி, வைத்திருக்கிறோம். ஆதாரும் பான் கார்டும் பார்த்து, வீடியோவில் முகம் பார்த்து, அப்புறம்தான் கொடுக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி சட்ட மதிப்பும் உண்டு. எஸ்மைம் வழியாக அதையே மெயிலில் போட்டால் ஆள் யார் என்ற கேள்வியே எழாதே? யாரோ வீட்டில் உருவாக்கிய சாவியை எதற்காக நம்ப வேண்டும்?

பழைய_டெர்மினல் | காலை 8.10

ஐயா, உங்கள் டோக்கனுக்கு அடிப்படையான, இந்திய அரசின் சிசிஏ அமைப்பின் வேர்ச்சான்றிதழ், தண்டர்பேர்டு பயன்படுத்தும் மோசில்லாவின் நம்பகப் பட்டியலில் இல்லை. அந்தக் கையொப்பத்துடன் மெயில் போனால் அவர்கள் தண்டர்பேர்டில் அதற்கும் எச்சரிக்கைதான் வரும். 2014 ஜூலையில் அரசு அமைப்பான என்ஐசி-யின் சான்றிதழ் அமைப்பிலிருந்து கூகுள் டொமைன்களுக்கே முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்ததையும் மறந்துவிட வேண்டாம். நடுவில் ஓர் அதிகாரியை வைத்தால், அந்த அதிகாரி தவறும் அன்று எல்லோரும் தவறுவார்கள்.

வக்கீல்_மதுரை | காலை 8.32

பத்து வருடங்களுக்கு முந்தைய ஒரு சம்பவத்தை வைத்து முழு அமைப்பையும் தள்ளிவிடுவது நியாயமா? சாட்சிக் கூண்டில் "இந்தச் சாவி இவருடையது" என்று சொல்ல உங்கள் பிஜிபியில் யார் வருவார்? என் டோக்கனுக்குச் சான்றளித்த நிறுவனம் ஒன்று இருக்கிறது, பதிவேடு இருக்கிறது.

பழைய_டெர்மினல் | காலை 8.40

பிஜிபியில் நேரில் பார்த்தவர் சாட்சி. ஒருவர் சாவியில் இன்னொருவர் கையொப்பம் போடும் நம்பிக்கை வலை என்ற ஏற்பாடே அதற்குத்தான். படித்துப் பாருங்கள்.

நுண்ணலை | காலை 8.51

அந்த வலையை வைத்துத்தானே 2019-இல், பொதுச்சாவிகளைத் தேடி எடுக்க உதவும் சாவி சர்வர்களைத் திணறடித்தார்கள்? யார் வேண்டுமானாலும் யார் சாவியிலும் கையொப்பத்தைச் சேர்க்கலாம் என்று இருந்ததால், இரண்டு பேருடைய சாவிகளில் குப்பைக் கையொப்பங்களை மலையாகக் குவித்தார்கள். அந்தச் சாவியை இறக்கியவர்களின் பிஜிபி மென்பொருளான ஜிஎன்யுபிஜி முடங்கியது. இப்போது பலரும் பயன்படுத்தும் கீஸ்.ஓபன்பிஜிபி.ஆர்க் சர்வர் பிறருடைய கையொப்பங்களை வெளியிடுவதே இல்லை.

திண்ணை | காலை 9.05

டிஎஸ்சி விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். வக்கீல் ஐயாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவருக்கு நாளைக்குள் மெயில் போக வேண்டும்.

கோவை அக்கா, மூன்று கேள்விகள். பழைய லேப்டாப்பில் போனது ஸ்கிரீன் மட்டும்தானா? புதிய சாவியை சாவி சர்வருக்கு அனுப்பினீர்களா? வக்கீல் அலுவலகத்தின் சாவியைப் புதிய லேப்டாப்புக்கு எங்கிருந்து எடுத்தீர்கள்?

மொழிபெயர்ப்பு_கோவை | காலை 9.48

ஸ்கிரீன் மட்டும்தான், ஆன் செய்தால் விசிறிச் சத்தம் கேட்கிறது. கீஸ்.ஓபன்பிஜிபி.ஆர்க்குக்கு அனுப்பினேன், அவர்களிடமிருந்து வந்த ஒரு மெயில் ஸ்பேமில் கிடக்கிறது, இப்போதுதான் பார்த்தேன், அதை கிளிக் செய்யவா? அலுவலகத்தின் சாவியை அதே சர்வரில் தேடி எடுத்தேன், ஏற்கலாமா என்று கேட்டது, ஆம் கொடுத்தேன். என் புதிய சாவியை மெயிலில் இணைத்து அனுப்பி, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டால் முடிந்ததா?

திண்ணை | காலை 10.20

ஸ்பேமில் இருக்கும் அந்த இணைப்பை இப்போதைக்கு கிளிக் செய்யாதீர்கள். அந்த சர்வரில் ஒரு மெயில் முகவரிக்கு ஒரு சாவிதான். புதியதை உறுதிசெய்த நொடியில் உங்கள் முகவரி பழைய சாவியிலிருந்து கழன்றுவிடும். பழைய சாவி கிடைக்குமா என்று தெரிந்த பிறகு முடிவு செய்யலாம்.

"என் சாவி மாறிவிட்டது, இதை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று மெயிலில் மட்டும் எழுதாதீர்கள். உங்கள் மெயில் பாஸ்வேர்டைத் திருடியவன் ஒருவன் இருந்தால் அவனும் இதே வாக்கியத்தைத்தான், இதே முகவரியிலிருந்து எழுதுவான். அந்த அலுவலகம் ஏற்க மறுத்ததில் எனக்கு மரியாதைதான் வருகிறது. வாக்குமூலம் கொடுத்தவரை அவர்கள் காப்பாற்றுகிறார்கள்.

சாவியை வேறு ஒரு வழியில் ஒத்துப்பார்க்க வேண்டும். 2013 ஜனவரியில், பெயர் சொல்லாத ஒருவருக்கு ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸின் பொதுச்சாவி தேவைப்பட்டது. அவர் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் மைக்கா லீயை அணுகினார். கிடைத்த சாவி உண்மையில் பாய்ட்ரஸுடையதுதானா என்று உறுதிசெய்ய, அதன் ஃபிங்கர்பிரிண்டை மைக்கா லீ ட்விட்டரில் எல்லோர் கண்ணெதிரிலும் போட்டார். பெயர் சொல்லாத அந்த ஆள், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடென். அவரே மைக்கா லீக்கு எழுதிய முதல் மெயிலில் தன் பொதுச்சாவியை இணைக்க மறந்திருந்தார். சிக்கல் யாருக்கும் வரும்.

உங்களுக்கு ட்விட்டர் வேண்டாம், போன் போதும். மெயிலில் வந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், முதன்முதலில் ஒப்பந்தம் போட்டபோது கிடைத்த நம்பரைப் பயன்படுத்துங்கள். ஃபிங்கர்பிரிண்ட் 40 எழுத்துகள், 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் வரும். நான்கு நான்காகப் படியுங்கள். பி, டி, சி, இ நான்கும் போனில் ஒரே மாதிரி கேட்கும். எந்த நாட்டு அலுவலகம்?

மொழிபெயர்ப்பு_கோவை | காலை 10.26

ஜெர்மனி.

திண்ணை | காலை 10.33

அப்படியானால் இன்னும் கவனம். ஜெர்மன்காரர் தன் மொழியில் "ஏ" என்று சொன்னால் அது நம் இ. நம் ஏ-யை அவர் "ஆ" என்பார். அதனால் எழுத்தாகச் சொல்லாமல் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என்றே சொல்லுங்கள். அதே அழைப்பில் அவர்களுடைய ஃபிங்கர்பிரிண்டையும் கேட்டுச் சரிபாருங்கள். நீங்கள் சர்வரில் தேடி எடுத்து "ஆம்" கொடுத்த சாவி அவர்களுடையதுதான் என்று இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை.

பழைய_டெர்மினல் | காலை 10.45

பழைய டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும். ரகசியச்சாவி இருக்கும் செக்ரிங் கோப்பை மட்டும் எடுத்தால் பயனில்லை, அதைத் திறக்கும் பாஸ்வேர்டு வேறொரு கோப்பில் இருக்கும், அதற்குத் துணையாக கீ4.டிபி கோப்பும் வேண்டும். டிஸ்க்கையே பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீ இல்லாமல் ஒன்றும் நடக்காது. தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாத வேலை இது.

கருப்பட்டி_காபி | காலை 10.58

ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். போனது ஸ்கிரீன் மட்டும்தானே? எச்டிஎம்ஐ கேபிள் எடுத்து லேப்டாப்பை டிவியில் இணையுங்கள். படம் வராவிட்டால் விண்டோஸ் பட்டனோடு பி-யை (P) அழுத்திப் பாருங்கள். அப்புறம் அதே லேப்டாப்பில் தண்டர்பேர்டைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ஓபன்பிஜிபி கீ மேனேஜர். உங்கள் சாவியைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் ரகசியச்சாவியை பேக்கப் எடுக்கும் வசதி இருக்கும். ஒரு பாஸ்வேர்டு கேட்கும், நீளமாகக் கொடுங்கள். பென் டிரைவில் புதிய லேப்டாப்புக்குக் கொண்டுபோய் இம்போர்ட் செய்யுங்கள். அப்போது "இது என் சொந்தச் சாவி" என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். கடைசியாக அக்கவுன்ட் செட்டிங்கில், எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் பக்கத்தில், புதியதை விட்டுப் பழைய சாவியைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சாவியை அவர்கள் ஏற்கெனவே நம்புகிறார்கள், எதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

சர்வர்_சாமி | மதியம் 12.10

எதற்கும் டிமார்க் ரெக்கார்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் உங்கள் டொமைன் பெயரில் யாரும் போலி மெயில் அனுப்பலாம். அதுவும் அடையாளப் பிரச்சினைதான்.

நுண்ணலை | மதியம் 12.31

அக்கா, அனுப்பும் முன் இன்னொன்று. தண்டர்பேர்டு சப்ஜெக்ட் வரியையும் என்க்ரிப்ட் செய்யும், வெளியே மூன்று புள்ளிகள் மட்டும் தெரியும். பழைய லேப்டாப்பிலோ புதியதிலோ அந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தால், வழக்கு எண்ணும் பெயரும் சப்ஜெக்டில் திறந்தபடி போகும்.

மொழிபெயர்ப்பு_கோவை | வியாழன், மாலை 4.20

டிவியில் இணைத்து எடுத்துவிட்டேன். இரண்டு மெயிலும் திறந்தன. மொழிபெயர்ப்பு போய்விட்டது, கையொப்பம் சரியாக இருக்கிறது என்று அங்கிருந்து எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் நன்றி, கருப்பட்டி காபிக்குக் கூடுதலாக.

கருப்பட்டி_காபி | மாலை 4.41

மகிழ்ச்சி அக்கா. அந்த பென் டிரைவை மேசையில் போட்டு வைக்காதீர்கள், பீரோவில் வையுங்கள். அடுத்த லேப்டாப் போகும்போது அதுதான் உதவும்.

திண்ணை | மாலை 5.15

போன் செய்து அவர்களுடைய ஃபிங்கர்பிரிண்டை ஒத்துப்பார்த்தீர்களா? பழைய சாவி வந்துவிட்டதால் அந்த வேலை தீர்ந்துவிடவில்லை.

பழைய சாவியின் காலாவதித் தேதியையும் பாருங்கள். தண்டர்பேர்டில் உருவாக்கும்போது எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் 3 ஆண்டுகள்தான். கீ மேனேஜரிலேயே நீட்டிக்கலாம், ஃபிங்கர்பிரிண்ட் மாறாது. ஆனால் நீட்டித்த பிறகு பொதுச்சாவியை அவர்களுக்கு மறுபடி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கையில் இருக்கும் நகல் பழைய தேதியிலேயே காலாவதியாகிவிடும். எந்த வருடம் உருவாக்கியது?