சுப்பையா தாத்தா குடும்பம் 🙏 செந்தூல் – பட்டர்வொர்த்

வியாழன், இரவு 8:12

கவின்: எல்லாருக்கும் ஒரு கெட்ட செய்தி. சாயங்காலம் இடி இடித்தபோது டப் என்று ஒரு சத்தம். இப்போது உயிர் இல்லை. ஒரே கருகல் வாடை

சரோஜா அத்தை: ஐயோ யாருக்கு

கவின்: என் கம்ப்யூட்டருக்கு அத்தை

சரோஜா அத்தை: நெஞ்சே நின்றுவிட்டதுடா. இப்படியா ஆரம்பிப்பாய்

மாலதி: திதி வீடியோ???

கவின்: அதில்தான். தாத்தாவின் 340 படங்கள்

பெரியப்பா: போன வருடமே எனக்கு ஒரு பிரதி கொடு என்றேன். யார் கேட்டது

முரளி சித்தப்பா: பதறாதீர்கள். போனது பவர் சப்ளையாகத்தான் இருக்கும், உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. படங்கள் இருக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் தப்பித்திருக்கும். கவின், முதலில் பிளக்கைக் கழற்று. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் பிரிக்காதே, கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு.

கவின்: 📷 படம்
கவின்: கம்பெனி பெயரே இல்லை. 600 வாட் என்று மட்டும் பெரிதாக இருக்கிறது

மாலதி: யார் வாங்கித் தந்தது என்று கேளுங்கள் 😂

செல்வம் மாமா: நான்தான். 75 வெள்ளி. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தெரிந்த பையன். நாலு வருடம் ஓடவில்லையா?

முரளி சித்தப்பா: மச்சான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள், 25 ஆம்பியர். பெருக்கினால் 300 வாட். சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். மற்றதெல்லாம் ஊதிப் பெருக்கிய கணக்கு. இவனுடைய 3060 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். அதன் கம்பெனி என்விடியாவே அதற்கு 550 வாட் பவர் சப்ளை போடச் சொல்கிறது.

செல்வம் மாமா: 80 பிளஸ் கோல்டு வாங்கினால் முடிந்ததா

சரோஜா அத்தை: ஞாயிறு வடைக்கு உளுந்து யார் ஊறப்போடுவது

பெரியப்பா: வெங்காயம் சேர்க்கக் கூடாது. போன திதிக்குச் சேர்த்தார்கள்

சரோஜா அத்தை: யார் சேர்த்தது என்று எல்லாருக்கும் தெரியும்

மாலதி: 🤐

முரளி சித்தப்பா: மச்சான், 80 பிளஸ் முத்திரை கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்லும். 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், புரோன்ஸ் தரத்துக்கு 85 விழுக்காடு, கோல்டுக்கு 90. நாள்பட உழைக்குமா என்பது வேறு கதை. வாரண்டியைப் பாருங்கள். 7 வருடம், 10 வருடம் தருகிறவன் உள்ளே ஏதோ உருப்படியாக வைத்திருப்பான். சீசோனிக், கோர்சேர் என்று பெயரை மட்டும் பார்த்து எடுக்கவும் கூடாது, மாடலுக்கு மாடல் மாறும். பிரித்துச் சோதித்த விமர்சனத்தைத் தேடிப் படி கவின்.

கவின்: சித்தப்பா, நண்பனிடம் நல்ல பவர் சப்ளை ஒன்று சும்மா கிடக்கிறது. வயர்தான் இல்லை. என்னிடம் வேறு பிராண்டு வயர் இருக்கிறது, முனையும் பொருந்தும் போல

முரளி சித்தப்பா: வேண்டவே வேண்டாம்!! முனை பொருந்தும். ஆனால் பவர் சப்ளைப் பக்கம் எந்த ஊசியில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் எஸ்எஸ்டி காலி. தாத்தாவும் போய்விடுவார்.

பெரியப்பா: தாத்தா போய் மூன்று வருடம் ஆகிறது

முரளி சித்தப்பா: 🎤 குரல் பதிவு 4:06

மாலதி: யாராவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் லா

கவின்: 650 வாட் போதும், 850 வேண்டாம். மின்னல் அடியைத் தடுக்கும் என்று விற்கிற சர்ஜ் பிளக்கை நம்பாதே, இடி இடித்தால் கழற்றிவிடு. நடுவில் சித்தி கொத்தமல்லி கேட்கிறார்

செல்வம் மாமா: சனிக்கிழமை லோயாட் போவோம், கம்ப்யூட்டர் கடைகள் எல்லாம் அங்கேதான். அங்கே தெரிந்த பையன் இருக்கிறான்

மாலதி: அதே பையனா மாமா

செல்வம் மாமா: இவன் வேறு

முரளி சித்தப்பா: நாங்கள் சனி இரவுதான் வந்து சேர்வோம். வாங்குவதற்கு முன் படம் அனுப்புங்கள். பணத்தைப் பிறகு பார்ப்போம்.

பெரியப்பா: திதிக் கணக்கில் எழுதாதீர்கள்

கவின்: 👍

மாலதி: அந்த 👍 யாருக்கு?

வெள்ளி, காலை 5:47

பெரியப்பா: 🌺 இனிய காலை வணக்கம். முருகன் துணை 🌺

சரோஜா அத்தை: உளுந்து?